தலையாட்டினால் சம்மதமா?

பந்தல்குடிப் பக்கம் கிடா வெட்டுக்கு முன்னால் ஆட்டின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது தலையைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டதாக அர்த்தம். ஈரம் பட்டால் எந்த ஆடுதான் சிலுப்பாது?

இங்கிலீஷில் ‘நாட்’ என்ற ஒரே சொல், சம்மதிப்பதற்கும் ஆளைப் பார்த்து வணக்கம் வைப்பதற்கும் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுவதற்கும் ஆகிறது. பல்கேரியாவில் மேலும் கீழும் ஆட்டினால் ‘இல்லை’. நம்மூரிலோ பக்கவாட்டில் ஆட்டினாலும் ‘சரி’தான்.

அங்கே ஒரு வீட்டில் பெண் பார்க்க வந்த அன்று, “என்ன தாயி, சம்மதமா?” என்று பெரியப்பா கேட்டார். குனிந்திருந்த தலை லேசாக அசைந்தது. அன்றைக்கே தட்டு மாற்றிவிட்டார்கள். டீச்சர் ட்ரெயினிங் சேர அவள் வாங்கி வைத்திருந்த அப்ளிகேஷன் டிரங்குப் பெட்டிக்கு அடியில் கிடந்தது. வாய்த்தவர் குறை சொல்ல முடியாத மனுஷன்தான். ஆனாலும் அந்த அப்ளிகேஷனை இன்னும் தூக்கிப் போடவில்லை.

30 வருடம் கழித்து, போன மாதம் அவர் மகளைப் பார்க்க வந்தார்கள். பெரியவர்கள் கேட்க, மகளும் தலையாட்டினாள். அம்மா காபித் தட்டைக் கீழே வைத்தார்.

“மண்டைய ஆட்டாதடி. வாயத் திறந்து சொல்லு.”

கூடத்தில் சத்தமே இல்லை.

“படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கும்மா” என்றாள் மகள்.