தொழிலாளி குளித்த குளம்

பிரான்சின் வடக்கு எல்லையில், பெல்ஜியத்தை ஒட்டிக் கிடக்கிற ஊர் ரூபே. விளையாட்டுச் செய்தி படிக்கிறவர்களுக்குப் பாரீஸ்–ரூபே சைக்கிள் பந்தயம் தெரிந்திருக்கும். 1896-இல் அந்தப் பந்தயத்தைத் தொடங்கிவைத்தவர்கள் அந்த ஊர் மில் முதலாளிகள் இரண்டு பேர். ரூபேயில் எதைத் தொட்டாலும் அடியில் மில்தான் இருக்கும். 'ஆயிரம் புகைக்கூண்டு நகரம்' என்று பேர் வாங்கிய ஊர் அது. 1800 வாக்கில் சுமார் 8,000 பேர் இருந்த இடத்தில் நூறு வருசத்துக்குள் 1,20,000 பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். ஆட்டு ரோமத்தைக் கழுவி, சீவி, நூற்று, நெய்து, சாயம் போட்டு உலகம் பூரா விற்றார்கள். அந்த மில்கள் இன்றைக்கு ஓடவில்லை. ஊரின் பெரிய கம்பளி மில்லான லா லெனியேர் 2000-இல் மூடப்பட்டது. இப்போது பிரான்சின் மிக ஏழை நகரங்களில் ரூபேயும் ஒன்று.

நான் புதுச்சேரிக்காரி. மில் தொழிலாளி வீட்டில் பிறந்தவள். எங்களுக்குப் பிரான்சு என்றால் ஈஃபில் கோபுரம் இல்லை, மில் சங்குதான். எம்.ஏ. தமிழில் ஐந்திணையும் படித்தேன், மெய்ப்பாடும் படித்தேன். மில் சங்கு ஊதுகிற திணை எதிலும் இல்லை. பாரீசுக்குப் பக்கத்தில் என் பெரியப்பா மகன் இருக்கிறார். பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், எங்கள் ஊர் வழக்கில் 'சொல்தா'. நான் பாரீசுக்குப் போயிருந்தபோது அண்ணனிடம் ரூபே போகலாம் என்றேன். "அங்க இன்னா பாக்கப் போற, எல்லாம் பாழடைஞ்ச மில்லு" என்றார். "அதத்தாண்ணா பாக்கணும்" என்றேன். அவருக்கு வேலை இல்லாத ஒரு நாளில் கிளம்பினோம். லீல் நகரம் வரை ஒரு மணி நேர ரயில். அங்கிருந்து மெட்ரோ. அந்த மெட்ரோவில் ஓட்டுநர் கிடையாது. முன்கண்ணாடி வழியாகத் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே அண்ணன் கேட்டார்: "ஓட்டுற ஆளே இல்ல பாரு. அந்த ஆளு வேல எங்க போச்சு?"

முதலில் 'கூரே' பார்த்தோம். தெருவைப் பார்த்த வீடுகளுக்கு நடுவில் ஒரு ஆள் நுழைகிற சந்து. உள்ளே போனால் எதிரெதிராக இரண்டு வரிசைக் குட்டி வீடுகள். அந்தக் காலத்தில் எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே தண்ணிப் பம்பு, பொதுக் கக்கூஸ். ஒரு அறையில் ஒரு குடும்பம். இதில் நிறையப் பேர் எல்லை தாண்டி வந்த பெல்ஜியக் கூலிகள். 1870களில் ரூபே ஜனத்தொகையில் பாதிக்கும் மேல் அவர்கள்தான். வந்தேறிகள் கூலியைக் குறைக்கிறார்கள் என்ற பேச்சு அப்போதே உண்டு. அப்புறம் போலந்துக்காரர், இத்தாலிக்காரர், போர்த்துகீசியர், அல்ஜீரியர் வந்தார்கள். கூரே பழைய கூரேதான், உள்ளே இருக்கிற ஜனம் மட்டும் மாறியது.

அங்கிருந்து லா மனுஃபாக்தூர் போனோம். பழைய நெசவாலை, இப்போது நெசவு அருங்காட்சியகம். கைத்தறியிலிருந்து பிந்திய கால விசைத்தறி வரை வரிசையாக நிற்கிறது. வழிகாட்டி ஒரு தறியை ஓட்டிக் காட்டினார். ஒரு தறிக்கே காது அடைத்தது. நூறு தறி ஓடினால் எப்படி இருந்திருக்கும்? நின்ற பிறகு நாடாவை எடுத்துக் கையில் கொடுத்தார். பழைய நாடாவின் கண்ணில் நூலைக் கோக்க வாயை வைத்து உறிஞ்சுவார்களாம். வழிகாட்டிக்கு அது சுகாதாரக் கேடு. ஒருவர் வாய் வைத்ததில் இன்னொருவர் வைத்தால் நோய் பரவும் என்றார்.

எனக்குப் பம்பாய் ஞாபகம் வந்தது. பம்பாய் மில்களில் நெசவுப் பிரிவில் தீண்டப்படாதவர்களைச் சேர்க்க மாட்டார்கள். காரணம் இதே நாடா, இதே எச்சில். கூலி அதிகம் உள்ள பிரிவு அது. 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைத்தான் தொழிற்சங்கத் தலைவர்களிடம் கேட்டார்: உங்கள் கோரிக்கைப் பட்டியலில் இது எங்கே? நோய்க்குப் பயந்தால் மருந்து உண்டு. நம்ம எச்சிலுக்குப் பயந்தவனுக்கு எந்த ஆஸ்பத்திரியில் மருந்து? எங்கள் தாத்தா வேலை பார்த்த மில்லில் தண்ணிப் பானை இரண்டு இருந்ததாம். எது யாருக்கு என்று எழுதிப் போடவில்லை. "எழுதலன்னாலும் எல்லாருக்கும் படிக்கத் தெரியும்" என்பார் தாத்தா. அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கவும் தெரியாது.

பெரிய சதுக்கத்தில் நகரசபைக் கட்டடம் அரண்மனை மாதிரி நிற்கிறது. 1911-இல் திறந்தது. முகப்பின் மேலே கல்லில் ஆடு மயிர் கத்தரிப்பது முதல் நெய்வது, சாயமிடுவது வரை வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். அப்போது மேயர் ஒரு மில் முதலாளி, யூஜீன் மோத். அதே 1911-இல் ஊரில் பெரிய சர்வதேசக் கண்காட்சி நடந்தது. அதில் ஒரு 'செனகல் கிராமம்' வைத்தார்கள். ஆப்பிரிக்க மனுசங்களைக் குடிசை போட்டு உட்காரவைத்து, டிக்கெட் போட்டு வேடிக்கை காட்டினார்கள். அந்தச் செனகலுக்குத்தான் எங்கள் புதுச்சேரியில் நெய்து நீலச்சாயம் போட்ட 'கினே' துணியைப் பிரெஞ்சு வியாபாரிகள் கொண்டுபோய் விற்றார்கள். கல்லில் தொழிலாளிக்கு மரியாதை. கண்காட்சியில் கருத்த மனுசனுக்குக் கூண்டு. இரண்டும் ஒரே ஊர், ஒரே வருசம்.

மத்தியானத்துக்கு மேல் நான் பார்க்க வந்த இடத்துக்குப் போனோம். 'லா பிசீன்'. பிசீன் என்றால் நீச்சல் குளம். அது இருக்கிற தெருவுக்கு நம்பிக்கைத் தெரு என்று பேர். 1927-இல் கட்ட ஆரம்பித்து 1932-இல் திறந்தார்கள். நீளமான குளம். இரண்டு கோடியிலும் பெரிய வண்ணக் கண்ணாடி ஜன்னல், ஒன்று உதிக்கிற சூரியன், மற்றது அடைகிற சூரியன். அந்த மஞ்சள் வெளிச்சம் தண்ணியில் விழுந்து கிடக்கிறது. குளத்தோடு சேர்த்துக் குளியலறைகளும் கட்டினார்கள், வீட்டில் குளிக்க இடமில்லாதவர்களுக்கு. கூரேயில் ஒரு பம்புக்கு வரிசையில் நின்ற ஜனம் இங்கே வந்து வெந்நீரில் குளித்தது. கூரை பலமில்லை என்று 1985-இல் மூடி, 2001-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். நடுவில் தண்ணியை விட்டுவைத்து இரண்டு பக்கமும் சிலைகள் நிறுத்தியிருக்கிறார்கள். அவ்வப்போது ஒலிபெருக்கியில் பிள்ளைகள் தண்ணியில் குதித்துக் கூச்சல் போடுகிற சத்தம் வருகிறது.

அண்ணன் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "கூலிக்காரன் குளிக்க இவ்ளோ அழகா எதுக்குக் கட்டணும்? ஒரு தொட்டி கட்டினா போதாதா?"

அந்தப் 'போதாதா'தான் நமக்கு எப்போதும் கிடைத்தது. காலனிக்குக் கடைசிக் குழாய் போதும். ஆதி திராவிடர் விடுதிக்கு ஓட்டைக் கூரை போதும். ரூபேயில் போதாது என்று சொல்ல ஆள் இருந்தது. 1892-இலேயே அந்த ஊர்த் தொழிலாளிகள் தங்கள் கட்சியை நகரசபையில் ஜெயிக்கவைத்தார்கள். வந்ததும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டார்கள். இடையில் முதலாளிகள் பிடுங்கிக்கொண்டார்கள். 1912-இல் மறுபடி சோசலிஸ்ட் மேயர் வந்தார், ழான்-பத்தீஸ்த் லெபா. குளத்தைக் கட்டியது அவருடைய நகரசபை. யாரும் தருமம் பண்ணவில்லை. கஜானாச் சாவி தொழிலாளி ஓட்டில் வந்தவன் கையில் இருந்தது, கட்டினான்.

குளம் கட்ட ஆரம்பித்த அதே 1927-இல், மார்ச் 20-ஆம் தேதி, அம்பேத்கர் ஜனங்களோடு மகத் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணியை அள்ளிக் குடித்தார். அதற்கு அடி விழுந்தது. அப்புறம் குளத்தைச் சாணியும் மூத்திரமும் ஊற்றிச் 'சுத்தம்' பண்ணினார்கள். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம்ம ஜனங்கள் குடிக்கிற தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது. இதெல்லாம் அண்ணனிடம் சொன்னேன். அவர் பத்து வயசில் ஊரை விட்டு வந்தவர். ரொம்ப நேரம் பேசாமல் தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லெபாவின் கதை இங்கே முடியவில்லை. 1936 ஜூனில் மக்கள் முன்னணி ஆட்சிக்கு வந்தபோது அவர் பிரான்சின் தொழிலாளர் அமைச்சர். வாரத்துக்கு 40 மணி நேர வேலை, வருசத்துக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை என்ற சட்டங்கள் அந்த ஜூன் மாதத்தில் வந்தவை. பிற்பாடு நாஜிகளை எதிர்த்துப் பிடிபட்டு, 1944-இல் ஜெர்மன் சிறையில் செத்தார். ரூபே ரயில் நிலையத்து மெட்ரோ நிறுத்தத்துக்கு அவர் பேர். நல்ல மனுசன், சந்தேகமில்லை.

ஆனால் அதே 1936, ஜூலை 30. அதே குடியரசு, அதே அரசாங்கம் ஆண்ட புதுச்சேரியில் எட்டு மணி நேர வேலை கேட்ட சவானா மில் தொழிலாளிகளைச் சுட்டார்கள். 12 பேர் செத்தார்கள். தாத்தாவின் அப்பா அந்த வேலைநிறுத்தத்தில் இருந்தவர். ரூபே தொழிலாளி சம்பளத்தோடு கடலுக்குக் குளிக்கப் போன அந்தக் கோடையில், கடலோரத்து எங்கள் தொழிலாளி ரத்தத்தில் கிடந்தான். எட்டு மணி நேரச் சட்டம் 1937-இல் எங்களுக்கு வந்தது. ரூபேக்காரன் ஓட்டுப் போட்டு வாங்கியதை எங்கள் ஆட்கள் உயிரைக் கொடுத்து வாங்கினார்கள். அதுவும் ஆலை வாசல்வரைக்கும்தான். வாசலைத் தாண்டி உள்ளே இருந்த இரண்டு பானையைத் தொடவில்லை. சாதி உழைப்பை மட்டும் பிரிக்கவில்லை, உழைக்கிறவர்களையே பிரித்து வைத்திருக்கிறது என்று அம்பேத்கர் எழுதியதும் அந்த 1936-இல்தான்.

கடைசியாக மோத்-போசு மில். கோட்டை மாதிரி கோபுரம் வைத்துக் கட்டிய நூற்பாலை. 1993 முதல் அது தொழில் உலகத்தின் ஆவணக் காப்பகம். கம்பெனிக் கணக்கு, தொழிற்சங்கக் காகிதம் எல்லாம் அங்கே பத்திரமாக இருக்கிறது. முதலாளி கட்டிய கோட்டைக்குள் தொழிலாளியின் காகிதமும் இருப்பது எனக்குப் பிடித்தது. அண்ணன் கேட்டார்: "நம்ம ஊர்ல இந்த மாதிரி கீதா?" இல்லை. புதுச்சேரி ஏ.எஃப்.டி. மில் 2020-இல் மூடப்பட்டது. அந்த மில்களில் வேலை பார்த்தவர்கள் நம்ம தெருக்களில் கிழடு தட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொரு சாவிலும் ஒரு கட்டுக் காகிதம் எரிகிறது.

நாளைக்கு நம்ம மில்லையும் வெள்ளையடித்து அருங்காட்சியகம் ஆக்குவார்கள். தறியைத் துடைத்து வைப்பார்கள், வண்ண விளக்குப் போடுவார்கள். அதற்கு முன்னால் மாணவத் தோழர்கள் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு இந்தக் கிழவர்களிடம் போக வேண்டும். முதல் பக்கத்தில் 1936 ஜூலை 30-இல் செத்த 12 பேரின் பெயர். அடுத்த பக்கத்தில் யார் தறியில் நின்றார்கள், யார் பஞ்சுத் தூசியில் நின்றார்கள் என்ற கணக்கு. அதற்கடுத்த பக்கத்தில் இரண்டு தண்ணிப் பானையும் எந்தெந்தச் சுவரோரம் இருந்தன என்று படம் போட்டு எழுதுங்கள்.