சோறும் சுவடியும்

ஒவ்வோர் ஊருக்கும் ஓர் அடையாளம் உண்டு. யான் வாழும் தெலுக் இந்தானுக்குச் சாய்ந்த கோபுரமே அடையாளம். 1885ஆம் ஆண்டில் எழுந்த அக்கோபுரம் புறத்தே எட்டு மாடியாகத் தோன்றும். அகத்தே மூன்றே தளங்கள். ஊரார்க்கு வேண்டிய நீரைச் சுமந்த பாரத்தாலும் அடிநிலத்தின் நெகிழ்வாலும் அது சாய்ந்தது. ஆயினும், கட்டடத்தினும் சிறந்த அடையாளம் ஓர் ஊருக்கு அமையக்கூடும் என்பதைத் திருவாவடுதுறையில் உணர்ந்தேன்.

பள்ளி விடுமுறை ஒன்றில் தமிழகம் சென்றிருந்தபோது அவ்வூரைக் கண்டேன். கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையே, காவிரியின் தென்கரையில் அமைந்த சிற்றூர் அது. மாசிலாமணியீசர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. திருமூலர் அங்குள்ள அரசமரத்தடியில் அமர்ந்து திருமந்திரம் அருளினார் என்பது மரபு. நாகசுர மேதை இராசரத்தினம் பிள்ளையின் பெயரோடு இணைந்து நிற்பதும் இவ்வூரே.

எனினும், ஊரின் உயிர்நிலை ஆதீன மடமே. 16ஆம் நூற்றாண்டில் நமசிவாய மூர்த்திகளால் நிறுவப்பெற்ற அம்மடம், சிவஞான மாபாடியம் தந்த சிவஞான முனிவரைப் பெற்றது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அங்கே ஆதீன வித்துவானாக விளங்கினார். அவரிடம் பயின்ற ஏழை மாணவரே உ.வே. சாமிநாதையர். 1876இல் ஆசிரியர் மறைந்த பின்னரும், தலைவர் சுப்பிரமணிய தேசிகர் அம்மாணவரைக் கைவிடவில்லை. உணவும் உறைவிடமும் தந்து, தாமே பாடமும் சொன்னார். அவ்வாதரவில் வளர்ந்தவரே 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். சோறு முன்னே சென்றது. சுவடி பின்னே வந்தது.

மடத்து முற்றத்தில் நின்றபோது என் நெஞ்சில் பழைய குற்றம் ஒன்று எழுந்தது. ஆசிரியர் பயிற்சி முடித்துத் தோட்டப்பள்ளி ஒன்றில் பணியேற்ற முதலாண்டு அது. இலக்கண வகுப்பில் ஒரு சிறுவன் நாள்தோறும் உறங்கி வழிந்தான். சோம்பல் எனக் கருதி அவனை வெளியே நிற்க வைத்தேன். தாய் விடியுமுன் பால்மரம் வெட்டச் செல்வதால் அவன் பசியாறாமலே வருகிறான் என்பதைச் சக ஆசிரியர் ஒருவர் பின்னர் உரைத்தார். மறுவாரம் அவனைத் தேடினேன். அவன் குடும்பம் வேறு தோட்டத்துக்குப் பெயர்ந்துவிட்டிருந்தது. அவனிடம் ஒரு சொல் கூறும் வாய்ப்பு எனக்குக் கிட்டவேயில்லை.

பயிற்சிக் கல்லூரியில் பாடத்திட்டம் வகுக்கக் கற்றேன். மாணவன் முகம் பார்க்கக் கற்றேனில்லை. இன்று பள்ளிகளில் உணவுத் திட்டம் உண்டு. ஆயினும் பட்டியலில் இடம்பெறாத பசியும் உண்டு. அதனை ஆசிரியர் கண்ணே காண வேண்டும்.

ஆகவே, காலை மணி ஒலிக்குமுன் பள்ளி வாயிலில் நிற்கிறேன். வரும் குழந்தைகளிடம் வீட்டுப்பாடத்தை வினவுவதற்கு முன் யான் வினவுவது ஒன்றே: "பசியாறினாயா, ஐயா?"