மூடிக் கணக்கு

“அண்ணே, டேங்குக்கு எத்தினி மூடி?” மீஞ்சூரில் பூச்சிமருந்துக் கடை வைத்த நாளிலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்காத நாளில்லை. பதினைந்து வருடம் “ரெண்டு மூடி” என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். எந்த மூடி என்று நானும் சொன்னதில்லை, அவர்களும் கேட்டதில்லை.

ஒரு பகல், வாடிக்கையான விவசாயி ஒருவர், தன் வயலில் மருந்தடித்தவரை வண்டியில் வைத்துக் கூட்டிவந்தார். டேங்குக்கு இவ்வளவு என்று கூலிக்கு அடிப்பவர் அவர். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. வாயில் எச்சில் வடிந்தது, கண்ணில் நீர். வெயில் என்று நினைத்து மோர் வாங்கிக் கொடுத்தேன். நனைந்த சட்டையைக் கழற்றச் சொல்லக்கூடத் தோன்றவில்லை. அரசு மருத்துவமனையில் டாக்டர், “என்ன மருந்து? புட்டி எங்கே?” என்றார். மோனோகுரோட்டோபாஸ் விற்றவன் நான். அவர் எதிரே வெறுங்கையோடு நின்றேன். அந்த மனிதர் பிழைத்தார். நான் அப்படியே கடைக்குத் திரும்பி உட்கார முடியவில்லை.

ஐதராபாத்தின் ‘மேனேஜ்’ நிறுவனம் 2003-ல் தொடங்கிய ‘தேசி’ பட்டயப் படிப்பில் சேர்ந்தேன். என்னைப் போன்ற இடுபொருள் கடைக்காரர்களுக்கென்றே உள்ள ஒரு வருடப் படிப்பு. எச்சில், கண்ணீர், வியர்வை, குண்டூசி முனையாகச் சுருங்கும் கண்மணி எல்லாம் பாஸ்பரஸ் வகை மருந்தின் அடையாளம் என்று அங்கேதான் தெரிந்தது. நரம்புச் செய்தியை அணைக்கும் நொதியை அது முடக்கிவிடுகிறது. மூச்சைவிடத் தோல் வழியாகத்தான் அதிகம் உள்ளே போகிறது; முகத்தில் கட்டிய துண்டும் நனைந்தால் விஷத்துணிதான். மாற்று மருந்து அட்ரோபின். அது புட்டியோடு வரும் துண்டுச்சீட்டிலேயே அச்சாகி இருக்கிறது. அத்தனை வருடம் அந்தச் சீட்டை நான் பிரித்ததே இல்லை.

படிப்பு முடிவதற்குள், கடையிலிருந்த மூடிகளில் தண்ணீர் ஊற்றி அளந்தேன். ஒன்று 5 மில்லி பிடித்தது, இன்னொன்று 20. நெல்லில் புகையான் பூச்சிக்கு இமிடாகுளோபிரிட் 17.8 சதவீத மருந்து ஏக்கருக்கு 40 முதல் 50 மில்லிதான். 200 லிட்டர் தண்ணீர் என்றால், 10 லிட்டர் டேங்குக்கு இரண்டு, மிஞ்சினால் இரண்டரை மில்லி. என் ‘ரெண்டு மூடி’ அதில் நான்கு மடங்கு; பெரிய மூடியானால் பதினாறு மடங்கு!

2017-ல் மகாராஷ்டிராவின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் பலர் கூலிக்காரர்கள். அந்தச் செய்தியைப் படித்தபோதுதான் உறைத்தது: நான் யோசனை சொல்வதெல்லாம் பணம் கொடுப்பவரிடம். டேங்கைச் சுமப்பவர் என் கடைப்படி ஏறுவதே இல்லை.

என் வீடு எண்ணூரில். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு, பெரியகுப்பம் அருகே உர ஆலையின் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தபோது, நாங்களும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினோம். குழாயில் என்ன போகிறது, மூச்சடைத்தால் என்ன செய்வது, இதையெல்லாம் யார் எங்களுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்று மறுநாள் ஊரே கேட்டது. நானும் கோபமாகக் கேட்டேன். கேட்டுக்கொண்டிருக்கும்போதே, கடையில் மோர் குடிக்க முடியாமல் கிடந்தவரின் முகம் நினைவுக்கு வந்தது.

இப்போது புட்டியை எடுத்து வைக்குமுன் கேட்பது, “அடிக்கப்போறது யாரு?” அவரையே கடைக்கு வரச் சொல்கிறேன். வர முடியாதென்றால் போன் நம்பர் வாங்கிக்கொள்கிறேன். புட்டியோடு அளவுக் குவளை ஒன்றும் கையுறையும் போகும். அதற்குக் காசு வாங்குவதில்லை. சாயங்காலம் ரயிலேறுவதற்கு முன் போன் போட்டு, விடியற்காலையில் அடிக்கச் சொல்கிறேன், காற்று முதுகுப்பக்கம் இருக்கட்டும் என்கிறேன், புட்டியில் நச்சின் கடுமையைக் காட்டும் முக்கோணம் என்ன நிறம் என்று கேட்கிறேன். “சேப்புண்ணே” என்று பதில் வந்தால் பேச்சு நீளும். சில நாள் அதனால் ரயில் போய்விடுகிறது. அடுத்த ரயிலுக்கு நிற்கிறேன்.