பார்னகற் குடாவின் தாரா வள்ளம்

நியூ ஜேர்சி என்றதும் எம்மவர் பலரது நினைவுக்கு வருவது நெடுஞ்சாலைகள், பண்டகசாலைகள், நியூவார்க் விமான நிலையம், சாமான் வாங்கப் போகும் எடிசன் நகரம் ஆகியவைதான். ஆனால் எடிசனில் இருந்து தெற்கு நோக்கி ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் கார் ஓடினால், வேறொரு நாட்டுக்குள் வந்துவிட்டோமோ என்று எண்ணத் தோன்றும். இருபுறமும் பைன் மரக் காடு. கார்டன் ஸ்டேட் பார்க்வே நெடுஞ்சாலையின் 58ஆம் வெளிவாயிலில் இறங்கிச் சிறிது தூரம் போனால் ரக்கர்டன் என்னும் சிற்றூர். அதற்கப்பால் புல் மூடிய சதுப்பு நிலம், பின்பு ஆழமில்லாத குடாக்கடல், அதற்கும் அப்பால் நீண்ட மணல் தீவு. அந்தத் தீவின் மறுபுறத்தில்தான் அத்திலாந்திக் சமுத்திரம்.

வடக்கே பார்னகற் குடா, தெற்கே லிற்றில் எக் ஹாபர் குடா. இந்தக் கரையோரத்தின் பெரும் பகுதியில் கடலின் ஆழம் ஒரு மனிதனின் உயரத்தைத் தாண்டாது. யாழ்ப்பாணக் கடல்நீரேரியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது பழகிய காட்சி. நீர் இருக்கும், ஆனால் பெரிய வள்ளம் போகாது. சேறு இருக்கும், ஆனால் கால் வைத்து நடக்க முடியாது.

குளிர்காலம் தொடங்கும்போது வடக்கே கனடாவில் இருந்து காட்டு வாத்துகளும், பிராண்ட் எனப்படும் சிறிய கடல் வாத்துகளும் இந்தச் சதுப்புக்கு வந்து இறங்குகின்றன. வாத்து என்று எழுதினாலும் எங்களூரில் நாம் தாரா என்றுதானே சொல்வோம்! இந்தத் தாராக்களை நம்பி ஒரு காலத்தில் பல குடும்பங்கள் இங்கு வாழ்ந்தன. கோடையில் மட்டி அள்ளுவது, சதுப்பில் உவர்ப்புல் வெட்டுவது, குளிரில் தாரா சுடுவது என்று பருவத்துக்கு ஒரு தொழில். அந்த மக்கள் தங்கள் கடலுக்கென்றே ஆக்கிய ஒரு சிறிய மரவள்ளத்தைப் பற்றித்தான் இங்கு எழுத விரும்புகிறேன். அதன் பெயர் ஸ்னீக் பொக்ஸ். பதுங்கிப் போகும் பெட்டி என்று பொருள் கொள்ளலாம்.

ரக்கர்டனுக்கு அருகே உள்ள வெஸ்ற் கிறீக் என்ற ஊரில் ஹேசல்ற்றன் சீமன் என்னும் வள்ளம் கட்டுபவர் 1836ஆம் ஆண்டில் இதன் முதல் வள்ளத்தைக் கட்டினார் என்று சொல்லப்படுகிறது. அக்கம்பக்கத்து வேட்டைக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டுப் 'பேயின் சவப்பெட்டி' என்று பெயர் வைத்தார்களாம். பார்த்தால் அப்படித்தான் இருக்கும். நீளம் 12 அடி, அகலம் 4 அடி. மேலே முழுவதும் பலகையால் மூடிய தட்டு. நடுவில் ஒரு மனிதன் உள்ளே இறங்கிப் படுக்கக்கூடிய அளவுக்கு மட்டும் ஒரு வாய். நீரில் கிடக்கும்போது ஒரு சாணளவுகூட வெளியே தெரியாதது போன்ற தோற்றம்.

இந்த வள்ளத்தில் அலங்காரத்துக்காக எதுவும் இல்லை. ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு தேவை இருக்கிறது. அடிப்பாகம் கரண்டியைப் போல் வளைந்திருப்பதால் சில அங்குல நீரிலும் மிதக்கும், சேற்றின் மீதும் வழுக்கிச் செல்லும். மேற்தட்டு நடுவில் உயர்ந்து இரு பக்கமும் சரிவதால் அலை ஏறினாலும் வழிந்து ஓடிவிடும். முன்புறத்தில் கன்வஸ் துணியால் ஒரு மறைப்பு. காற்றுக் காலத்தில் அதை நிமிர்த்தினால் நீர்த்திவலை முகத்தில் அடிக்காது. துடுப்புக் கட்டைகள் மடிந்து தட்டோடு தட்டாகப் படுத்துவிடும். அவை நிமிர்ந்து நின்றால் தாராவின் கண்ணில் பட்டுவிடும் அல்லவா? சிறு பாய் ஒன்றும் உண்டு. பாய் விரிக்கும்போது பக்கவாட்டில் வள்ளம் சரிந்து போகாமல் இருக்க, நடுவே உள்ள பொந்து வழியாக ஒரு பலகையை நீருக்குள் இறக்குவார்கள். ஆழம் குறைந்தால் அதைத் தூக்கி உள்ளே வைத்துவிடலாம். குடா உறைந்துவிட்டால் என்ன செய்வது? அடியில் நீளவாக்கில் இரும்புப் பட்டி அடித்து, பனிக்கட்டியின் மேல் சறுக்குவண்டி போல இழுத்துச் செல்வார்கள். இரவு தங்க நேர்ந்தால் வாயின் மூடியைச் சாத்திக்கொண்டு உள்ளேயே உறங்கலாம்.

இனி இதைக் கட்டும் முறை. பலகைக்கு வெண்சீடர் மரம். பைன் காட்டின் நடுவே உள்ள சதுப்புகளில் வளர்வது. பாரமில்லாதது, நேராகப் பிளப்பது, எளிதில் உக்கிப் போகாதது. ஆகவேதான் இவ்வளவு பெரிய வள்ளம் சுமார் 200 இறாத்தல் நிறையோடு முடிந்துவிடுகிறது. இரண்டு பேர் இழுத்துக் கரையேற்றலாம். எங்கள் வள்ளங்களைப் போல அணியத்தில் கூரான முன்மரம் இதற்கு இல்லை. அடிப்பலகைகள் முன்புறத்தில் மெல்ல மேலெழுந்து தட்டின் விளிம்போடு போய்ச் சேர்கின்றன. அடிச் சட்டமும் மேற்தட்டின் சட்டமும் பக்க விளிம்பில் ஒன்றாகக் கூடுகின்றன. கடதாசியில் வரைந்து வைத்துக் கட்டியவர்கள் குறைவு. சட்டத்தின் வளைவை மெல்லிய பலகையில் அச்சாக வெட்டிப் பட்டறைச் சுவரில் தொங்கவிட்டிருப்பார்கள். தகப்பனிடம் இருந்து மகனுக்குப் போன சொத்து அந்த அச்சுப் பலகைதான்.

கட்டி முடித்த பின் வேட்டைக்கு ஆயத்தப்படுத்துவது தனி வேலை. காய்ந்த புல்லின் மங்கிய நிறத்தில் வண்ணம் பூச வேண்டும். மினுங்கினால் பறவை இறங்காது. தட்டின் மீது உவர்ப்புல்லைப் பரப்ப வேண்டும். பின்புறத் தட்டில் சட்டம் அடித்து அதற்குள் மரத்தாராக்களை அடுக்க வேண்டும். பறக்கும் கூட்டத்தை ஏமாற்றி இறக்குவதற்காக நீரில் மிதக்கவிடும் பொய்ப் பறவைகள் இவை. பழந்தமிழில் இதற்குப் 'பார்வை' என்று ஓர் அழகான சொல் உண்டு. இங்குள்ளவர்கள் இரண்டு சீடர்த் துண்டுகளைக் குடைந்து ஒட்டி, உள்ளே வெறுமையாகச் செய்தார்கள். வள்ளம் சிறியது, பாரம் கூடக்கூடாது என்பதே காரணம். ரக்கர்டனில் வாழ்ந்த ஹரி ஷூர்ட்ஸ் என்பவர் செதுக்கிய மரத்தாராக்களை இன்று சேகரிப்பாளர்கள் பெரும் விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

இந்தச் சிறு வள்ளம் எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஒரு சான்று. நதானியேல் பிஷப் என்பவர் 1875ஆம் ஆண்டின் இறுதியில் பிற்ஸ்பேர்க் நகரில் ஒரு ஸ்னீக் பொக்ஸில் ஏறி, ஒகையோ, மிசிசிப்பி ஆறுகள் வழியாக இறங்கி, மெக்சிக்கோ வளைகுடாக் கரையோரமாகப் புளோரிடாவின் சீடர் கீ வரை துடுப்புப் போட்டுச் சென்றார். அந்த நான்கு மாதப் பயணத்தை 1879இல் நூலாகவும் வெளியிட்டார்.

பின்னர் இந்தத் தொழில் எப்படி முடிந்தது? புகையிரதம் வந்ததும் சுட்ட பறவைகள் நியூயோர்க், பிலடெல்பியா சந்தைகளுக்குப் போகத் தொடங்கின. விலை கிடைத்தது, சூடு பெருகியது, பறவைக் கூட்டங்கள் மெலிந்தன. 1916இல் அமெரிக்காவும் கனடாவுக்காகப் பிரித்தானியாவும் ஓர் உடன்படிக்கை செய்தன. 1918இல் வந்த சட்டத்துடன் காட்டுத் தாராவைச் சுட்டு விற்பது நாடு முழுவதும் குற்றமாயிற்று. 1934 முதல் வேட்டைக்காரர் ஒவ்வொருவரும் தனி முத்திரை வாங்க வேண்டும் என்று வந்தது. அந்தப் பணத்தில் பறவைகளுக்கான நிலம் வாங்கப்படுகிறது. 1991 முதல் தாரா வேட்டையில் ஈயச் சன்னத்துக்கும் தடை. பறவைகள் பிழைத்தன. ஆனால் அவற்றை விற்று வாழ்ந்த குடும்பங்கள் வேறு தொழில் தேட வேண்டியதாயிற்று. வள்ளமும் பொழுதுபோக்குக்காரரின் கைக்குப் போனது. பிளைவூட், பைபர் கிளாஸ், எஞ்சின் எல்லாம் வந்தன. சீடர் வளைக்கத் தெரிந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக மறைந்தார்கள்.

ஆயினும் தொழில் முற்றாக அழிந்துவிடவில்லை. ஊரவர்கள் முதியவர்களிடம் போய்க் கேட்டு எழுதினார்கள், அச்சுப் பலகைகளைச் சேர்த்தார்கள், பழைய வள்ளங்களை அளந்து வரைந்தார்கள். 2000ஆம் ஆண்டில் ரக்கர்டன் ஓடைக்கரையில் ஒரு திறந்தவெளி அரும்பொருட்சாலை திறக்கப்பட்டது. 1927இல் கடல் கொண்டுபோன ரக்கர்ஸ் தீவு வெளிச்சவீட்டை அதே வடிவில் அங்கே மீண்டும் கட்டியிருக்கிறார்கள். மரவள்ளப் பட்டறையும் அங்கு உண்டு.

நாங்கள் அங்கு போனது ஒக்ரோபர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில். என் மனைவியின் தகப்பனாரும் எங்களோடு வந்திருந்தார். வல்வெட்டித்துறைக்காரர். இளமையில் ஓடாவிமாருக்கு உதவியாளாக நின்றவர். இந்த நாட்டுக்கு வந்த பின் அதைப் பற்றி அவர் வாய் திறந்து நாம் கேட்டதில்லை. பட்டறையில் பலகை சீவிக்கொண்டிருந்த முதியவரின் அருகே போய் நின்றவர், விளிம்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, உவர் பலகை இடுக்கை என்னத்தாலை அடைக்கிறவர் எண்டு ஒருக்காக் கேளும்."

பஞ்சுத் திரி என்று பதில் வந்தது. மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப இது எங்கடை வேலைதான். நாங்கள் பஞ்சுக்கு மேலை குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவம்."

பிறகு மொழிபெயர்க்க நான் தேவைப்படவில்லை. அந்த முதியவர் ஒரு மட்டைத் துண்டையும் பென்சிலையும் நீட்டினார். மாமா ஒரு வள்ளத்தை வரைந்தார். அணியம், வங்கு, ஏரா, சுக்கான் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். பக்கத்தில் நின்ற என் மகள், "அம்மப்பா, வங்கு எண்டால் என்ன?" என்று கேட்டாள். பதினொரு வயதில் அவள் காதில் அந்தச் சொல் விழுந்தது அன்றுதான்.

வாசகர்களே, எங்கள் மரவேலை இந்த அமெரிக்கக் கரைக்குப் புதியதும் அல்ல. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், எம்மவர் மாலுமிகளாக இருக்க, 1938இல் மசாசூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறைமுகத்தை வந்தடைந்தது. அந்தக் கப்பலைக் கட்டிய கைகள் இன்று இல்லை. அந்தக் கைகளிடம் பழகியவர்கள் சிலரேனும் எம்மிடையே, அடுக்குமாடி வீடுகளில், தொலைக்காட்சிக்கு முன்னால் அமர்ந்திருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளுக்கு அவர்கள் வெறும் வயோதிபர்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு சில குறிப்புகள். ரக்கர்டனுக்குத் தெற்கே ஒஷன்வில் என்ற இடத்தில் எட்வின் போர்சைத் வனவிலங்குச் சரணாலயம் உள்ளது. சதுப்பின் நடுவே 8 மைல் சுற்றுச் சாலை. காரை விட்டு இறங்காமலே பறவைகளைப் பார்க்கலாம். கார்த்திகை, மார்கழி மாதங்களில் தாராக் கூட்டம் அதிகம். ஜூலையில் போனால் கடிக்கும் பச்சைக்கண் ஈக்கள் உங்களை நிற்க விடமாட்டா. யாராவது வள்ளத்தில் ஏறும்படி அழைத்தால் உயிர்காப்பு அங்கி இல்லாமல் ஏறாதீர்கள். எங்கள் கடலில் நீந்தப் பழகியவரும் இந்தக் குளிர்நீரில் சில நிமிடங்களில் கை கால் விறைத்துப் போவார்.

இன்னொன்றும் செய்யலாம், அதற்குப் பயணச் செலவும் இல்லை. உங்கள் வீட்டு முதியவர் வள்ளம் கட்டியவரோ, வலை பின்னியவரோ, வண்டிச் சில்லுச் செய்தவரோ, ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்து அவருக்கு முன்னால் வையுங்கள். வரையச் சொல்லுங்கள். ஒவ்வொரு பாகத்தின் பெயரையும் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள். ரக்கர்டன் மக்கள் செய்ததும் அவ்வளவுதான். அவர்கள் நேரத்தோடு கேட்டார்கள். நாமும் இந்த வாரக் கடைசியிலேயே கேட்கத் தொடங்கலாமே.