ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் ஒரு பொட்டலம்

பொட்டலத்தைக் கண்டுபிடித்தது பேத்திதான். தாத்தாவின் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில், மழைக்கோட்டுக்குள் சுற்றி வைத்திருந்தார். செய்தித்தாள் முழுக்க எண்ணெய் ஊறிப்போய், உள்ளே நாலைந்து காலிஃப்ளவர் சில்லித் துண்டும் கொஞ்சம் வெங்காயமும் மிச்சம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு மறைக்கவெல்லாம் தெரியவில்லை. "அம்மா, தாத்தா சில்லி சாப்பிட்டிருக்காரு" என்று வாசலிலிருந்தே கத்திவிட்டாள்.

ஒட்டன்சத்திரத்தில் இருக்கும் அந்த வீட்டில் அன்றைக்கு ராத்திரி யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பெரியவருக்கு 68 வயது. அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நாலு மாதத்துக்கு முன்புதான் மதுரையில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு திரும்பியிருந்தார். எண்ணெயில் பொரித்தது வேண்டாம், உப்பைக் குறையுங்கள் என்று டாக்டர் சொன்னதை மகன் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தான். அப்படியும் இப்படி என்றதும் கோபத்தில் ஸ்கூட்டர் சாவியை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டான்.

32 வருஷம் ஸ்டியரிங் பிடித்த மனிதரிடமிருந்து சாவியைப் பிடுங்குவது லேசுப்பட்ட காரியமா? பெரியவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று நாள் திண்ணையே கதி என்று உட்கார்ந்திருந்தார். பேத்தி போய் "ஸாரி தாத்தா" என்றபோதுகூட தலையை மட்டும் தடவிக் கொடுத்தார்.

மருமகளுக்குத்தான் மனசு கேட்கவில்லை. டூட்டி முடிந்து வரும்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துத் தள்ளுவண்டியில் ஒரு பொட்டலம் சில்லி வாங்கி வருவது அவருக்கு வழக்கம். முதலில் மகனுக்கு, பிறகு பேத்திக்கு. பிள்ளைகள் தின்றதுபோக மிச்சத்தை அவர் வழித்துத் தின்பார். வெறும் நாக்கு ருசி என்றால் விட்டிருப்பார்.

பரணில் ஓர் ஏர் ஃப்ரையர் கிடந்தது. அவளுடைய அண்ணன் பொங்கல் சீரோடு கொண்டுவந்தது. அட்டைப்பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. 2010-ல் பெர்லின் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் இதை அறிமுகப்படுத்தியபோது உருளைக்கிழங்கு வறுவலைத்தான் பெரிதாகக் காட்டினார்கள். காலிஃப்ளவர் சில்லியையெல்லாம் அவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

மார்கழி மாதம். மார்க்கெட்டில் பூ சல்லிசு. வெள்ளையாக, இறுக்கமாக ஒன்று பார்த்து வாங்கி வந்து, பூவாகப் பிரித்து, மஞ்சளும் கல் உப்பும் போட்ட வெந்நீரில் 5 நிமிஷம் போட்டு, புழு பூச்சி போக அலசி எடுத்தாள். பிறகு பஜ்ஜிக்குக் கரைப்பது மாதிரி மாவு கரைத்து, முக்கி முக்கி ஏர் ஃப்ரையர் கூடைக்குள் அடுக்கினாள். அங்கேதான் தப்பு நடந்தது.

கொதிக்கிற எண்ணெயில் மாவு விழுந்தால் விழுந்த நொடியே சுற்றிலும் வெந்து இறுகிவிடும். ஏர் ஃப்ரையரில் எண்ணெய் ஏது? மேலே ஒரு கம்பிச்சுருள் சூடாகும், அதன்மேல் ஒரு விசிறி சுற்றும், அவ்வளவுதான். சூட்டுக் காற்று மாவை இறுக்குவதற்குள் பாதி மாவு கூடை ஓட்டை வழியே கீழே ஒழுகிவிட்டது. மீதி வெள்ளை வெள்ளையாகக் கூடையில் ஒட்டிக்கொண்டது. பெரியவர் ஒரு துண்டை வாயில் போட்டார், கன்னத்தில் ஒதுக்கினார், எழுந்து குழாயடிக்குப் போய்விட்டார்.

இத்தனையையும் மாமியார் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "கரண்டு என்னத்துக்கு ஆகும்?" என்பதுதான் அதுவரை அவருடைய ஒரே கவலை. 1,500 வாட் இயந்திரம், 20 நிமிஷத்துக்கு அரை யூனிட் என்று பேத்தி கணக்குப் போட்டுச் சொன்ன பிறகு கொஞ்சம் சமாதானமாகி உள்ளே வந்தார். "ஏத்தா, வாழைக்கா வறுவலுக்கு மாவைக் கரைப்பியா, பிசிறுவியா?"

விஷயம் அவ்வளவுதான். அடுத்த நாள் மாமியார் சொல்லச் சொல்ல மருமகள் செய்தாள். அரை கிலோ பூவை வடிகட்டி, பழைய வேட்டித் துணியில் பரப்பி, ஃபேனுக்குக் கீழே அரை மணி நேரம் காயவிட்டார்கள். ஈரம் இருந்தால் மொறுமொறுப்பு வராது, ஆவியில் வெந்த மாதிரி ஆகிவிடும். இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், வழக்கத்தில் பாதி உப்பு, ஒரு ஸ்பூன் கெட்டித் தயிர் சேர்த்துப் பிசிறிவிட்டு, மேலே 2 ஸ்பூன் சோள மாவும் ஒரு ஸ்பூன் அரிசி மாவும் தூவி, கடைசியாக 2 டீஸ்பூன் கடலெண்ணெய். தண்ணீர் ஒரு சொட்டு கிடையாது. எண்ணெயைக் குறைத்தோம் என்று சொல்லிக்கொண்டு உப்பை அள்ளிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்; இதய நோயாளி வீட்டில் அது ஆகாது.

200 டிகிரியில் 3 நிமிஷம் காலியாகச் சூடாக்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, 8 நிமிஷம். வெளியே இழுத்து ஒரு குலுக்கு. மறுபடி 6 நிமிஷம். அரை கிலோவுக்கு இரண்டு ஈடு போடவேண்டி வந்தது. வாசனைக்கு என்று பேத்தி மேலே தூவிய கறிவேப்பிலை விசிறிக் காற்றில் பறந்துபோய்க் கம்பியில் ஒட்டிக் கருகி, வீடெல்லாம் புகை. கறிவேப்பிலையை எண்ணெய் தடவி, பூவுக்கு அடியில் செருகி, கடைசி ஒரு நிமிஷம் வைத்தால் போதும் என்று அதற்குப் பிறகு தெரிந்துகொண்டார்கள்.

பெரியவர் தட்டை வாங்கிப் பார்த்தார். "செவப்பே இல்லையே?"

பேத்தி உடனே போனை நீட்டினாள். 2024 மார்ச்சில் கர்நாடகாவில் கோபி மஞ்சூரியனுக்குச் செயற்கை நிறம் சேர்க்கத் தடை போட்ட செய்தி. துணிக்குப் போடுகிற ரோடமைன்-பி சாயத்துக்கும் சேர்த்துத்தான் தடையாம்.

"அது கர்நாடகா" என்றார் தாத்தா. ஆனாலும் ஒன்றை எடுத்துக் கடித்தார். மொறுக்கென்று சத்தம் கேட்டது. வீட்டில் எல்லோருக்கும் கேட்டது. இரண்டாவது, மூன்றாவது...

"வண்டிக்கடை மாதிரி இல்ல" என்றார். மருமகளின் முகம் சுருங்குவதற்குள், "சோம்பு பத்தல. ரெண்டு பல் பூண்டைத் தோலோட தட்டிப் போடணும். அவன் அப்படித்தான் போடுவான்" என்று எழுந்து அடுப்படிக்கே வந்துவிட்டார்.

வண்டிக்கடை மாதிரி இல்லைதான். ஆறினால் 10 நிமிஷத்தில் தொய்ந்துவிடுகிறது. அதனால் கூடையை இழுத்ததும் சுற்றி உட்கார்ந்து தின்றுவிட வேண்டும். அடுத்த பரிசோதனைக்குப் போனபோது டாக்டரிடமும் கேட்டார்கள். வாரத்துக்கு ஒருநாள், அளவாக என்றார்.

அந்தச் சனிக்கிழமை காலையில் மருமகள் கணவனிடம், "மாமா மார்க்கெட் போய் பூ வாங்கிட்டு வரட்டும்" என்றாள். அவன் கொஞ்ச நேரம் சும்மா நின்றான். பிறகு பீரோவைத் திறந்தான்.

ஒரு மணி நேரத்தில் ஸ்கூட்டர் வாசலில் வந்து நின்றது. பேத்தி ஓடிப் போனாள். பெரியவர் யாரும் கேட்காமலே சீட்டைத் தூக்கி, மழைக்கோட்டை எடுத்து நன்றாக உதறிக் காட்டிவிட்டு, அடியிலிருந்த இரண்டு பூவையும் அவள் கையில் கொடுத்தார்.