நாற்பது வயது பத்மினிக்கு யார் வாரிசு?

ஓசூரிலிருந்து பெங்களூரு போகும் நெடுஞ்சாலையில், மூக்கண்டப்பள்ளியில் நின்று பார்த்தால் நாள் முழுக்க வண்டிகள்தான். கன்டெய்னர் லாரி, கம்பெனி ஷிப்ட் பஸ், கர்நாடகப் பதிவெண் கொண்ட புத்தம்புது கார்கள். எதையும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வெள்ளை பிரீமியர் பத்மினி போனால் மட்டும் கதை வேறு. டீக்கடையில் நிற்கும் நாலு பேராவது கையில் இருக்கும் கிளாஸை இறக்கிவிட்டுப் பார்ப்பார்கள். "எங்க மாமா வெச்சிருந்தாருப்பா இந்த வண்டி" என்று ஒருவர் ஆரம்பிப்பார்.

அந்த பத்மினியின் சொந்தக்காரருக்கு 69 வயது. 1982-ல் சிப்காட்டில் வேலை கிடைத்து, தஞ்சாவூர்ப் பக்கமிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தவர். இப்போது ஓய்வில் இருக்கிறார். கார் 1986-ல் பதிவானது. இவர் வாங்கியது 1994-ல், இரண்டாவது கையாக. மகளைப் பிரசவத்துக்கு அழைத்துப் போனது, திருப்பதிக்குப் போனது, மகனுக்குப் பெண் பார்க்கப் போனது எல்லாம் அதில்தான். நெரூர் நிறத்தில் வெளுத்துப்போன சீட் உறைக்குக்கூட அந்த வீட்டில் ஒரு கதை உண்டு.

இந்த வருடம் அந்தக் காருக்கு 40 வயது. வீட்டில் பேச்சு அதைப் பற்றித்தான். வைத்துக்கொள்வதா, விற்பதா?

600 ரூபாய் 10,000 ஆனது

சொந்த உபயோகக் காரின் பதிவு முதலில் 15 வருடங்களுக்குச் செல்லும். பிறகு ஐந்து வருடங்களுக்கு ஒருமுறை வண்டியைக் காட்டி, தகுதிச் சோதனை முடித்துப் புதுப்பிக்க வேண்டும். 2001-லிருந்து இவர் அதைத் தவறாமல் செய்துவருகிறார். 2021-ல் புதுப்பித்தபோது கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலில் 15 வருடம் கடந்த கார்களுக்கு அது 5,000 ரூபாய் ஆனது. 2025 ஆகஸ்டில் வந்த திருத்தம், 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 ரூபாய் என்றும், மோட்டார் சைக்கிள்களுக்கு 2,000 ரூபாய் என்றும் உயர்த்தியது. பசுமை வரி, இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் எல்லாம் தனி.

பழைய, புகை கக்கும் வண்டிகளைச் சாலையிலிருந்து குறைக்க வேண்டும் என்பதுதான் அரசின் நோக்கம். அதில் நியாயம் இருக்கிறது. மாதத்துக்கு 100 கிலோமீட்டர்கூட ஓடாத, துடைத்துத் துடைத்து வைத்திருக்கும் வண்டியும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டியிருக்கிறது என்பதுதான் ஆர்வலர்களின் வருத்தம்.

மகன் பேட்டரி ஸ்கூட்டர் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறார். "பத்தாயிரம் பெரிய விஷயம் இல்லப்பா. அதுக்கப்புறம் யாரு பாத்துக்கிறது? எனக்கு அந்த ஸ்டியரிங் கியர் போடவே வராது. பொய் சொல்லி உங்களை ஏமாத்த விரும்பல" என்கிறார். மனைவி சொல்வது வேறு மாதிரி. "விக்கறதுன்னா வித்துடுங்க. நான் ஊர்ல இல்லாத நாளா பாத்து வித்துடுங்க."

நடுவில் மாட்டிய வயது

பழைய கார்களுக்குச் சட்டத்தில் இடமே இல்லையா? இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு 'வின்டேஜ்' வாகனங்களுக்கென்று தனி விதிகளைக் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடங்கள் கடந்திருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதிதாகப் பதிவதற்கு 20,000 ரூபாய், 10 வருடங்களுக்குச் செல்லும். புது எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். கண்காட்சி, ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்காக மட்டும் சாலைக்கு வரலாம். தினசரி உபயோகத்துக்கோ, வாடகைக்கோ ஓட்டக் கூடாது.

50 வயதானால் மரியாதை உண்டு. 20 வயதைத் தாண்டி 50-ஐத் தொடாத வண்டிதான் நடுவில் மாட்டிக்கொள்கிறது. மூக்கண்டப்பள்ளி பத்மினிக்கு 50 வயதாவது 2036-ல். அப்போது உரிமையாளருக்கு 79 வயது.

உலகம் முழுக்க இருக்கும் பழைய வாகனச் சங்கங்களின் கூட்டமைப்பான 'ஃபிவா' 1966-லிருந்து செயல்படுகிறது. பாதுகாக்க வேண்டிய வாகனம் என்று சொல்ல அது வைத்திருக்கும் அளவு 30 வயது. ஜெர்மனியிலும் 30 வயதைக் கடந்து, அசல் நிலையில் நன்றாக இருக்கும் கார்களுக்குத் தனி எழுத்தோடு நம்பர் பிளேட் தருகிறார்கள். பிரிட்டனில் 40 வயதைத் தாண்டினால் சாலை வரி இல்லை. இங்கே அந்த எல்லை 50 என்பதால், அம்பாசடரின் கடைசித் தலைமுறை, பத்மினி, கான்டெஸ்ஸா எல்லாம் இன்னும் பல வருடங்கள் சொந்தக்காரரின் பிடிவாதத்தை நம்பித்தான் இருக்க வேண்டும். 1983 டிசம்பரில் வெளிவந்த முதல் மாருதி 800-க்கே 2033-ல்தான் அந்த அந்தஸ்து கிடைக்கும்.

ராஜா கார்களும் நம்ம வீட்டுக் கார்களும்

இந்தியாவில் பழைய கார் மோகம் அரண்மனைகளிலும் பெரிய தொழிலதிபர்களின் ஷெட்டுகளிலும்தான் தொடங்கியது. 'தி ஸ்டேட்ஸ்மன்' நாளிதழ் 1964-ல் ஆரம்பித்த ராலி டெல்லியில் பல தலைமுறைகளாக நடந்துவருகிறது. சென்னையில் மெட்ராஸ் ஹெரிட்டேஜ் மோட்டாரிங் கிளப், பெங்களூரில் கர்நாடகா வின்டேஜ் அண்டு கிளாசிக் கார் கிளப் என்று பெயர்பெற்ற சங்கங்கள் இருக்கின்றன. கோவையில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் ஜீடி கார் மியூசியம், சென்னையில் 2023-ல் திறக்கப்பட்ட ஏவி.எம். ஹெரிட்டேஜ் மியூசியம் ஆகியவற்றில் குழந்தைகளோடு போய்ப் பார்க்கப் பழைய கார்கள் வரிசையாக நிற்கின்றன.

மியூசியத்தில் நிற்கும் கார் பிழைத்துக்கொள்ளும். தெருவில் ஓடும் காருக்குத்தான் கூட்டாளிகள் வேண்டும். ஓசூரில் அப்படி ஒரு சின்னக் குழு இருக்கிறது. பதிவு, அலுவலகம் எதுவும் இல்லை. ஒரு வாட்ஸ்அப் குழு, மாதம் ஒரு ஞாயிறு காலை, எங்காவது இட்லி, அவ்வளவுதான். ஒரு காலத்தில் பத்துப் பதினைந்து வண்டிகள் வந்தன. இப்போது ஆறு வந்தால் அதிகம். இரண்டு பேர் காலமாகிவிட்டார்கள். ஒருவர் மகனோடு அமெரிக்கா போய்விட்டார். இன்னொருவர் கண் ஆபரேஷனுக்குப் பிறகு ஓட்டுவதில்லை. கார்கள் மூடிய ஷெட்டில் தூசியோடு நிற்கின்றன.

பாய் இல்லாவிட்டால்?

குழுவுக்கு இருக்கும் பெரிய கவலை கட்டணம் இல்லை. மெக்கானிக். பாகலூர் ரோடு பக்கம் ஷெட் வைத்திருக்கும் 'பாய்'க்கு 71 வயது. பத்மினியின் பானெட்டைத் திறந்து, இன்ஜின் ஓடும் சத்தத்தைக் கேட்டே டைமிங் சரியா என்று சொல்லிவிடுவார். பாயின்ட் இடைவெளியை அளந்து வைப்பது, கார்பரேட்டரைக் கழற்றி ஜெட்டை ஊதிச் சுத்தம் செய்வது, பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரம் மாற்றுவது எல்லாம் அவர் விரல்களுக்குப் பழக்கம். இன்றைய மெக்கானிக் பையன்கள் கெட்டிக்காரர்கள். ஸ்கேனரை மாட்டினால் கோளாறை கம்ப்யூட்டர் சொல்லிவிடும். பத்மினியில் ஸ்கேனர் மாட்ட இடமே இல்லை.

பாயின் பிள்ளைகள் இருவரும் இந்தத் தொழிலுக்கு வரவில்லை. "அண்ணே, என் முட்டி இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும். அதுக்குள்ள யாராவது கத்துக்கிட்டா சரி" என்று அவரே சொல்லிவிட்டார்.

பெட்ரோலும் மாறிவிட்டது. இப்போது கிடைப்பது 20 சதவிகிதம் எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் ஹோஸ், வாஷர், டயாஃப்ரம் போன்றவற்றை நாளடைவில் கெடுக்கும். வண்டி வாரக்கணக்கில் நின்றால் தண்ணீர் அடியில் பிரிந்து டேங்க் துருப்பிடிக்கும். எத்தனாலைத் தாங்கும் ஹோஸ்களை மாற்றிவிட்டால் பெரும்பகுதி பிரச்னை தீரும். ஆனால், எதை எங்கே மாற்ற வேண்டும் என்று தெரிந்த ஆள் வேண்டுமே!

உதிரிபாகங்களும் அப்படித்தான். மும்பையில் கறுப்பு மஞ்சள் டாக்ஸியாக ஓடிய கடைசி பத்மினி 2003 அக்டோபரில் பதிவானது. 20 வருட வரம்பு முடிந்து, 2023 அக்டோபரோடு அந்த நகரத்தில் பத்மினி டாக்ஸிகளின் காலம் முடிந்தது. ஆயிரக்கணக்கில் டாக்ஸிகள் ஓடிய வரை பாகங்களுக்குக் கடைகள் இருந்தன. டாக்ஸி போனால் கடைக்கு என்ன வேலை?

ஓசூரிடம் இருக்கும் சொத்து

இந்த விஷயத்தில் ஓசூர் கொடுத்துவைத்த ஊர். 1980-ல் இரண்டு பேர் உட்காரும் டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவந்தது இங்கேதான். அதே வருடம் அசோக் லேலண்டும் இங்கே ஆலை திறந்தது. இன்று இதே மாவட்டத்தில் ஏத்தர், ஓலா பேட்டரி ஸ்கூட்டர்கள் தயாராகின்றன. இவற்றுக்கு நடுவே சின்னச் சின்ன லேத் பட்டறைகள் தெருவுக்குத் தெரு. தேய்ந்த புஷ்ஷைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தால், அளந்து, கடைந்து, மாலைக்குள் புதிதாகக் கையில் கொடுத்துவிடும் ஊர் இது.

பிரிட்டனில் ட்ரையம்ஃப் ஹெரால்டு கார் 1971-ல் நின்றுபோனது. சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் மூலம் அதுதான். அங்கே ஆர்வலர் சங்கங்களும் சிறு கடைகளும் சேர்ந்து இன்றும் அதற்கான பாகங்களைப் புதிதாகச் செய்து விற்கின்றன. நம்மூர் ஹெரால்டு சொந்தக்காரர்களும் அவற்றை வரவழைக்கிறார்கள். அங்கே சங்கத்தின் வேலை ராலியோடு முடிவதில்லை. அளவுகளைக் குறித்துவைத்து, தேவையைத் திரட்டி, செய்பவரிடம் மொத்தமாகச் சொல்வதுதான் முக்கியமான வேலை. ஓசூர் லேத் பட்டறைகளும் இதைச் செய்யும். கேட்கத்தான் ஆள் வேண்டும்.

மைசூரின் ஜாவா மோட்டார் சைக்கிளும் ஒரு பாடம். 1961-ல் தொடங்கிய ஆலை 1996-ல் மூடப்பட்டது. ஓட்டியவர்கள் விடவில்லை. ஜூலை மாதம் இரண்டாவது ஞாயிறு 'ஜாவா தினம்' என்று கூடிக்கூடி அந்தப் பெயரை உயிரோடு வைத்திருந்தார்கள். 2018-ல் ஜாவா புது வண்டியாகத் திரும்பி வந்தது. அந்தக் கூட்டங்களில் நிறைய பேர் இளைஞர்கள். காரணம் எளிது. கல்லூரிப் பையனால் ரோல்ஸ் ராய்ஸ் வாங்க முடியாது. அப்பாவின் பழைய பைக்கைத் தூசி தட்டி எடுக்க முடியும்.

கதவைத் திறந்தபோது

சென்ற வருடம் ஓசூர் குழுவில் ஒரு சண்டை நடந்தது. சிப்காட்டில் வேலை பார்க்கும் 26 வயதுப் பையன் ஒருவன் யமஹா ஆர்.எக்ஸ். 100-ல் வந்து, "நானும் சேரலாமா சார்?" என்று கேட்டான். "இது கார் குரூப் தம்பி" என்று சொல்லிவிட்டார்கள். இன்னொருவர் 1990-களின் மாருதி 800-ஐக் கொண்டுவந்தபோது, "இதெல்லாம் கிளாசிக்கா?" என்று சிரித்தார்கள்.

அன்று பத்மினிக்காரர்தான் எழுந்தார். "1994-ல நான் இதை வாங்கினப்போ, 'பழைய பியட்டை வாங்கிட்டு வந்திருக்கியே'ன்னு என்னையும்தான் சிரிச்சாங்க. நாம ஆறு பேர். நமக்கு அப்புறம் யாரு?" என்றார். யாரும் பதில் பேசவில்லை. அடுத்த மாதத்திலிருந்து இரண்டு சக்கரமும் வரலாம், மாருதியும் வரலாம் என்று முடிவானது.

பிறகு நடந்ததுதான் அழகு. ஆர்.எக்ஸ். 100 பையன் கார்பரேட்டர் வேலை தெரிந்தவன். பாயின் ஷெட்டில் ஞாயிறுதோறும் உட்கார ஆரம்பித்தான். கூடவே இரண்டு ஐ.டி.ஐ. மாணவர்களைக் கூட்டிவந்தான். பாய் கையை வைத்துச் சொல்லிக்கொடுப்பதை ஒருவன் செல்போனில் வீடியோ எடுக்கிறான். இன்னொருவன் நோட்டில் அளவுகளை எழுதுகிறான். ஸ்டியரிங் கியர் போடத் தெரியாத மகன்கூட ஒருநாள் வந்து, எத்தனாலைத் தாங்கும் ஹோஸ் எங்கே கிடைக்கும் என்று கம்பெனி நண்பர்களிடம் விசாரித்துச் சொன்னார்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. கட்டணம் இன்னும் கூடலாம். பெட்ரோல் இன்னும் மாறலாம். அந்தப் பையன் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகலாம். ஆனாலும் பெரியவர் பத்தாயிரத்தைக் கட்டுவதென்று முடிவெடுத்துவிட்டார். "அஞ்சு வருஷம் காருக்கு வாங்கல. அந்தப் பசங்க கத்துக்கறதுக்கு வாங்கியிருக்கேன்" என்றாராம் மனைவியிடம்.

பழைய கார் சங்கங்களின் எதிர்காலம் பற்றிப் பேசும்போது கார்கள் எத்தனை மிச்சம் என்றுதான் எல்லோரும் எண்ணுகிறார்கள். எண்ண வேண்டியது கைகளை. தகரத்தைத் தட்டி நிமிர்த்தலாம், புஷ்ஷைக் கடையலாம், சட்டத்தைக்கூடக் கேட்டுக் கேட்டு மாற்றலாம். காதால் டைமிங் வைக்கத் தெரிந்த ஒருவர் யாருக்கும் சொல்லிக்கொடுக்காமல் போய்விட்டால், அதை எந்தப் பட்டறையிலும் கடைந்து எடுக்க முடியாது.

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய வண்டி நிற்கலாம். விற்பதா, வைத்துக்கொள்வதா என்பது உங்கள் வசதி. எதுவாக இருந்தாலும் ஆர்.சி. புத்தகத்தைப் பத்திரப்படுத்துங்கள். பெட்ரோலை மாதக்கணக்கில் டேங்க்கில் விட்டுவைக்காதீர்கள். அந்த வண்டியைப் பழுது பார்த்த மெக்கானிக் இன்னும் இருந்தால், வீட்டுப் பிள்ளையை ஒருநாள் அவரிடம் அழைத்துப்போய் உட்கார வையுங்கள்.