ஆங்கிலச் சொல் சேர்க்கிற பிள்ளைகளுக்கு

2017-ல் அரசியல்வாதியும் எழுத்தாளருமான சசி தரூர் ட்விட்டரில் 'ஃபராகோ' என்று ஒரு சொல்லைப் போட்டார். நாடே டிக்‌ஷனரியைத் தேடி ஓடியது. தாறுமாறான கலவை என்பது அதன் பொருள். அன்றைக்கு அதை மனப்பாடம் செய்த பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது பிறகு ஒரு தடவையாவது பயன்பட்டிருக்கும்? தரூர் புத்தகங்களில் ஊறியவர், அவருக்கு அது விளையாட்டு. விளையாடட்டும். நாம் அங்கே தொடங்க வேண்டியதில்லை.

நான் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, காலேஜ் வாசலில் வாயடைத்து நிற்கிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கேட்பதெல்லாம், "சார், அட்வான்ஸ்டு வொர்ட்ஸ் எந்தப் புத்தகத்தில் இருக்கு?" என்பதுதான். வெளிநாட்டு மேற்படிப்புக்கு எழுதுகிற ஜி.ஆர்.இ. பரீட்சைக்கென்று 3,500 சொற்களை வரிசையாக அடுக்கிய புத்தகமே இருக்கிறது, உருப்போட்டவர்களும் உண்டு. ஆனால் அந்தப் பரீட்சையிலேயே 2011-ல் எதிர்ச்சொல் கேள்விகளை எடுத்துவிட்டார்கள். இப்போது வாக்கியத்துக்குள் வைத்துத்தான் சொல்லைக் கேட்கிறார்கள். தனிச்சொல்லை உருப்போட்டவன் அங்கே திணறுவான்.

எந்தச் சொல்லை முதலில் சேர்ப்பது என்று யோசித்து வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள். டாக்காவில் ஆசிரியப் பணி பார்த்த மைக்கேல் வெஸ்ட் 1953-ல் சுமார் 2,000 அடிப்படைச் சொற்களைப் பட்டியலாக வெளியிட்டார். சாதாரண ஆங்கில எழுத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய எண்பது சொற்கள் இவைதான். 2000-ல் நியூசிலாந்தின் ஆவ்ரில் காக்ஸ்ஹெட், கல்லூரிப் பாடநூல்களிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் திரும்பத் திரும்ப வருகிற 570 சொற்குடும்பங்களைத் தொகுத்தார். ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைக்கிற சொற்களும் சேர்ந்தது ஒரு குடும்பம். 'எவிடென்ஸ்', 'அஸ்யூம்', 'இன்டர்ப்ரட்', 'டெரைவ்' என்று போகிற பட்டியல் அது. அத்தகைய எழுத்தில் பத்தில் ஒரு பங்கு இந்தச் சொற்கள். என்னைக் கேட்டால் உயர்ந்த சொல் என்பது இதுதான். பாடநூலிலும் தலையங்கத்திலும் கோர்ட் தீர்ப்பிலும் நம்மைத் தடுக்கி விழ வைப்பவை இவையே தவிர ஃபராகோ அல்ல. பேப்பரையும் நாவலையும் அகராதி இல்லாமல் சரளமாகப் படிக்க எட்டாயிரம், ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் வேண்டும் என்று மொழியியலாளர் பால் நேஷன் 2006-ல் கணக்கிட்டார். பயப்படாதீர்கள். ஒரே வருஷத்தில் சேர்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

அடுத்து, டிக்‌ஷனரி. தமிழ் அர்த்தம் ஒன்று கிடைத்ததும் புத்தகத்தை மூடிவிடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அர்த்தம் தெரிந்தால் மட்டும் சொல் கைக்கு வந்துவிடாது. மழைக்கு 'ஹெவி' சேரும், காற்றுக்கு 'ஸ்ட்ராங்' சேரும். மாற்றிப் போட்டால் கேட்பவன் முகம் சுளிப்பான். 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குப் பின்னால் 'அபௌட்' வரவே கூடாது. நம் ஆபீஸ் கடிதங்களில் அது வராத நாளில்லை. இந்த மாதிரிச் சங்கதிகளைச் சொல்லவென்றே ஜப்பானில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஏ.எஸ். ஹார்ன்பி ஓர் அகராதியை உருவாக்கினார். 1942-ல் டோக்கியோவில் வெளிவந்தது. 1948-ல் ஆக்ஸ்ஃபோர்டு அதை எடுத்துப் போட்டது. கற்பவர்களுக்கான ஆக்ஸ்ஃபோர்டு அகராதி என்று இன்று கடையில் விற்பது அதன் வாரிசுதான். அதை வாங்குங்கள். அர்த்தத்தைப் பார்த்த கையோடு கீழே இருக்கிற உதாரண வாக்கியத்தையும் வாய்விட்டுப் படியுங்கள்.

தெசாரஸ் என்கிற பொருட்சொல் தொகுப்பிடம் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். 1852-ல் அதை வெளியிட்ட பீட்டர் ரோஜெட் ஒரு டாக்டர். மொழி தெரிந்தவர்களுக்காகச் செய்தார். பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற சொற்களெல்லாம் ஒரே பொருள் என்று நம்பி, ஒருவரை 'ஸ்லிம்' என்று பாராட்ட வேண்டிய இடத்தில் 'ஸ்கின்னி' என்று சொல்லிவிட்டால் உறவு கெட்டுவிடும். 'யூஸ்' போதுமான இடத்தில் 'யூட்டிலைஸ்' போடுவது, நாற்று நடப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போகிற கதைதான்.

அமெரிக்கக் கறுப்பர்களின் உரிமைக்காகப் போராடிய மால்கம் எக்ஸ் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, திருட்டு வழக்கில் சிறைக்குப் போனவர். தெருவில் அவர் பேச்சுக்குக் கூட்டம் கூடும். ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தால் வராது. சிறையில் ஒரு டிக்‌ஷனரியும் நோட்டும் பென்சிலும் கேட்டு வாங்கினார். முதல் பக்கத்தை அப்படியே, புள்ளி கமாவோடு, கையால் எழுதினார். எழுதியதைச் சத்தமாகப் படித்தார். மறுநாள் எழுந்ததும் எவையெல்லாம் நினைவில் நிற்கின்றன என்று பார்த்தார், நிற்காததைத் திரும்பிப் பார்த்தார். அப்படியே அகராதி முழுவதையும் எழுதினார். மேடைக்காக அவர் அதைச் செய்யவில்லை. புத்தகத்தைத் திறந்தால் பாதிச் சொல் புரியாமல் கண்ணைத் தாண்டிப் போனது அவருக்குப் பொறுக்கவில்லை. எழுதி முடித்த பிறகு ராத்திரி விளக்கணைத்தும் வராந்தா வெளிச்சத்தில் படிக்கிற ஆளாகிவிட்டார். அகராதி முழுவதையும் எழுதச் சொல்லி உங்களிடம் நான் கேட்கமாட்டேன். அந்த மறுநாள் சோதனையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை படித்தது எவ்வளவு வேகமாக மறந்துபோகிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹௌஸ் 1885-லேயே தன்மீது சோதித்துக் காட்டிவிட்டார். மறுநாள் ஒருமுறை, வாரம் கழித்து ஒருமுறை, மாதம் கழித்து ஒருமுறை பார்க்காத சொல் நம்முடையது ஆகாது.

நம் பக்கத்திலும் ஆள் உண்டு. 1869-ல் வலங்கைமானில் ஓர் ஏழைப் புரோகிதர் வீட்டில் பிறந்த சீனிவாச சாஸ்திரியார் கும்பகோணத்தில் படித்தவர், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். பிற்பாடு 'வெள்ளி நாக்கு' என்று வெள்ளைக்காரர்களே கொண்டாடிய ஆங்கிலம் இந்த மண்ணிலேயே கற்ற ஆங்கிலம்.

நாளைக் காலை இங்கிலீஷ் பேப்பர் வந்ததும் தலையங்கத்தைப் படியுங்கள். தெரியாத சொல் பத்து இருந்தாலும் மூன்றை மட்டும் எடுங்கள். சாயங்காலத்துக்குள் அந்த மூன்றையும் வைத்து, உண்மையாகவே சொல்ல வேண்டிய ஏதாவது ஒரு செய்தியை நண்பனுக்கோ சித்திக்கோ இங்கிலீஷில் எழுதி அனுப்புங்கள். தப்பிருந்தால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அதற்காக அனுப்புவதை நிறுத்திவிடாதீர்கள்.